சரோஜாவைத் தவிர

சாப்பாட்டுச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் ரேணுகாதேவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேல் மாடிகளில் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன, டிபன் பாக்ஸ்கள் கலகலத்தன, செருப்புகள் படியிறங்கின, எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேண்டீன் பக்கம் போய்ச் சேர்ந்தது. கீழ்த்தளத்து சர்வர் ரூமில் மட்டும் ஏ.சி. தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்களுக்குக் குளிர் வேண்டும், மனுஷிக்குக் குளிரில் முட்டி வலிக்கும், கம்பெனிக்கு முதலாவதுதான் முக்கியம். பழுப்பு ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு அவள் திரையைப் பார்த்தாள். ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் காலையிலிருந்து அடித்தும் அழித்தும் வைத்திருந்த ஒரே ஒரு வரி. அந்த வரிதான் இன்றைய வேலை. இந்தப் பம்ப் கம்பெனி புதிதாக வாங்கியிருக்கிற வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேரை, யாருடைய சீட்டுக்கும் போகாமல், யாரையும் எழுப்பாமல், இவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், இங்கே உட்கார்ந்தபடியே எல்லா மெஷினிலும் ஏற்றிவிட வேண்டும். வரியின் கடைசியில் மூன்று ஆணைகள். சத்தமில்லாமல் ஏறு. எதையும் கேட்காதே. முடிந்ததும் மெஷினை அணைத்து மறுபடி திறக்காதே. மூன்றாவதைப் போட்டேனா? போட்டிருந்தாள். அது விட்டுப்போனால், சாப்பிடப் போனவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போன கணக்கும் கடிதமும் படமும் ஒரே மூச்சில் காற்றோடு போய்விடும், அப்புறம் இந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மறுபடி பார்த்தாள். போட்டிருந்தாள். சத்தமில்லாமல், எதையும் கேட்காமல். இந்த இரண்டிலும் ரேணுகாதேவிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாற்பத்தொரு வயது வரை அவள் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறாள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்றுதான் அவளுக்கு ஆறவில்லை. போன மாதம் ஜி.எம். கூப்பிட்டு, "மேடம், இனிமே நீங்க ஒவ்வொரு சீட்டா அலைய வேண்டியதில்லைங்க. உக்காந்த எடத்துலயே எல்லாத்துக்கும் ஏத்தீரலாமாமே? நம்ம ஆளு ஒருத்தரு சொன்னாரு" என்றார். "ஏத்தலாங்க சார்" என்றாள். வேறென்ன சொல்வது? "அப்ப இத்தனை நாளா ஏனுங்க மாடி மாடியா ஏறி எறங்கினீங்க?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இப்பத்தானுங்க சார் அந்த வசதி வந்துச்சு" என்று சிரிக்காமல் ஒரு பொய் சொன்னாள். வந்து எத்தனையோ வருஷமாகிறது. சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோதே கற்றுக்கொண்டுவிட்டாள். திரும்பி வந்த ரயிலில் ஈரோடு தாண்டுகிற வரைக்கும் இதை ஜி.எம்.மிடம் எப்படிச் சொல்வது, சபாஷ் எப்படி வாங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். திருப்பூர் வந்தபோது யோசனை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் எந்தச் சாக்கில் இரண்டாவது மாடிக்குப் போவது? கோயமுத்தூரில் இறங்கும்போது சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு சீட் சீட்டாகப் போனாள். "கொஞ்சம் எந்திரீங்களா" என்பாள், அவர்கள் எழுந்து நிற்பார்கள், அவர்களுடைய சூட்டோடு இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து சம்மதம், அடுத்தது, அடுத்தது என்று அமுக்கிக்கொண்டே போவாள், நீலக் கோடு நிரம்புகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டில் பிளஸ் டூ, யார் வீட்டில் சர்க்கரை, யாருக்கு மாமியாரோடு ஆகவில்லை, எல்லாம் அந்தக் கோடு நிரம்புகிற நேரத்தில் அவளிடம் வந்து சேர்ந்துவிடும். ஆனால் இதெல்லாம் அவள் தனக்கே சொல்லிக்கொள்கிற சமாதானம். ஊர்க்கதைக்காக யாரும் முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறுவதில்லை. லிஃப்ட் சரக்குக்கு மட்டும்தான். அவள் ஏறினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத அந்த "நம்ம ஆளு" யாராயிருந்தாலும் அவன் வாயில் வசம்பு வைத்துத் தேய்க்க வேண்டும். பர்ச்சேஸ் குணசேகரனாக இருக்கலாம். அவனுக்குத்தான் தனக்குத் தெரிந்ததை ஜி.எம். காதில் போடாவிட்டால் தூக்கம் வராது.

திரையின் வலது பக்கத்தில் மெஷின்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, அணைந்திருந்தால் சாம்பல் புள்ளி. இந்த ஆபீஸில் ஒரு வழக்கம். மெஷினில் முதன்முதலில் யார் உட்கார்ந்தார்களோ அவர்கள் பெயர்தான் அதற்குப் பெயர். ஆள் மாறினாலும் பெயர் மாறாது. மாற்றினால் கணக்கு சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கும், அது மெஷின் பெயரோடு முடிச்சுப் போட்டது, அதனால் யாரும் கை வைப்பதில்லை. மெஷினே புதிதாக வந்தாலும் பழைய பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். ஆகவே ரேணுகாதேவியின் திரையில் வேலை பார்ப்பவர்கள் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியோடு இருப்பவர்கள், சிலர் செத்தே போனவர்கள். ஸ்டோர்ஸ் நஞ்சப்பன் மாரடைப்பில் போன மறுநாள் காலையில் நஞ்சப்பன் என்ற பெயருக்குப் பக்கத்தில் பளிச்சென்று பச்சைப் புள்ளி வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது நஞ்சப்பனில் பேபி என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ரங்கநாயகியில் குணசேகரன் உட்கார்ந்திருக்கிறான். டைப்பிஸ்ட் சரோஜா ஓய்வு பெற்றுப் போன பிறகு சரோஜாவில் உட்கார்ந்தவர் தண்டபாணி. இரண்டாவது மாடியில் பம்புகளுக்குப் படம் போடுகிறவர், நெட்டையான மனிதர், மனைவி காய்ச்சலில் போய் ஆறேழு வருஷமாகிறது, ஒரே மகள் திருச்சியில் படிக்கிறாள். அவரை ரேணுகாதேவிக்குப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான் விஷயம், ரொம்பப் பிடித்திருந்தது. காலையில் வந்து ஸ்வெட்டரைப் போட்டதும் அவள் முதலில் பார்ப்பது சரோஜா பச்சையாகிவிட்டாளா என்றுதான். பச்சையாகிவிட்டால் அன்றைய நாள் தொடங்கிவிட்டது. லீவு போட்டுவிட்டாரானால் அந்தப் பட்டியல் முழுவதும் பச்சையாக இருந்தும் பட்டியலில் ஒருவருமே இல்லாத மாதிரி இருக்கும். சாயங்காலம் சங்கு ஊதிச் சற்று நேரம் கழித்து சரோஜா சாம்பலாவாள். அவர் சேவ் பண்ணுவதற்கு யோசிக்கிற மனிதர், படத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பார். அது சாம்பலான பிறகுதான் அவள் கைப்பையை எடுப்பாள். யாராவது பின்னால் வந்து நின்று, என்ன மேடம் இப்படி உற்றுப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால்கூட பயமில்லை. திரையில் இருப்பது சரோஜா. சரோஜாவைப் பார்த்து ஏங்குகிறாள் என்று இந்த ஊரில் எவன் நினைக்கப் போகிறான்?

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் அவரிடம் போனதுதான் அவள் மனதில் வந்து வந்து நிற்கும். "கொஞ்சம் எந்திரீங்களா சார்" என்றாள். எழுந்தார். அவருடைய நாற்காலி அவர் உயரத்துக்கு ஏற்றியிருக்கும், அவளுக்குக் கால் தரையில் எட்டாது, பாதம் தொங்கும், ஆனாலும் ஒருநாளும் அவள் அதை இறக்கியதில்லை. மேஜையில் பென்சில் சீவல்கள் கிடந்தன. படமெல்லாம் கம்ப்யூட்டரில் வந்த பிறகும் அவர் முதலில் தாளில் பென்சிலால் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரைக்குப் போவார், அதனால் அந்த இடம் முழுக்கப் பென்சில் மரத்தின் மணம். சம்மதமா என்று கேட்டுப் பெரிய பத்திரம் மாதிரி எழுத்துகள் திரையில் வந்தன. அவள் வழக்கம்போல் அமுக்கப் போனாள். "இருங்க மேடம்" என்றார் பின்னாலிருந்து. "என்னன்னு படிக்காம சம்மதம்னு எப்படிங்க அமுக்கறது?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதையெல்லாம் யாருங்க சார் படிக்கறாங்க?" என்றாள். "நான் படிப்பனுங்க. மருந்துச் சீட்டுல பொடிசா இருக்கறதைக்கூட விடமாட்டேன். கொஞ்சம் இருங்க." குனிந்து படித்தார். அவள் மவுஸின் மேல் கை வைத்தபடி இருந்தாள். கழுத்துக்குப் பின்னால் அவருடைய மூச்சு வந்து போனது, திரும்பினால் முகத்தில் முட்டும், அதனால் திரும்பவில்லை, எதிரே சுவரில் மாட்டியிருந்த பம்ப் காலண்டரில் எந்தத் தேதி என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தாலும் நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்கான். அப்பறம் எதுக்குங்க நாம சம்மதிக்கணும்?" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த ஆபீஸில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை, இரண்டு சீட் தள்ளி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "சரிங்க, நீங்க சொன்னாச் சம்மதம்" என்றார் அவர். அமுக்கினாள். அன்று சாயங்காலம் கணபதியில் இருக்கிற வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும், வந்து குக்கரைத் தேய்க்கும்போதும், விளக்கை அணைத்த பிறகும் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். நீங்க சொன்னாச் சம்மதம். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். சும்மா பேச்சுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும், சொன்னார் அல்லவா? அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவர் படிப்பார், அவள் காத்திருப்பாள். யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் அதுதான். போன தடவை கடைசி வரி வரைக்கும் படித்தார், அவ்வளவு கீழே வரை அவர் போனதே இல்லை. படித்துவிட்டு ஒன்றும் கேலி பண்ணவில்லை, அவள் எழுந்தபோது முட்டியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தார். "வலி இப்ப எப்படிங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். ஏன் கேலி பண்ணவில்லை என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள்.

சரி, கேண்டீனில் பாதிச் சாப்பாடு ஆகியிருக்கும். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் டிக் விழுந்திருந்தது, டிக் இருக்கிற மெஷினில்தான் ஏறும். அவள் கீபோர்டில் விரலை வைத்தாள், எடுத்தாள். மூன்றாவது ஆணையைப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அது இருந்தும் ஒருவேளை வேலை செய்யாமல் போனால்? தன் மெஷினில் நேற்றே ஏற்றிப் பார்த்தாயிற்று, சத்தமில்லாமல் ஏறியது, கீழே வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைக் கேடயம் வந்து உட்கார்ந்தது, மெஷின் அணையவில்லை. ஆனாலும் தண்டபாணி சார் சேவ் பண்ணாதவர். அவர் படம் போய்விட்டால் என்னாவது? பாவம், நாள் கணக்கில் போட்ட படம். அவருடையதை மட்டும் கையாலேயே ஏற்றிவிடுவதுதான் பத்திரம். இப்படி அவள் தனக்குத்தானே நியாயம் பேசினாள். கொஞ்ச நேரம் அந்த நியாயத்தை அவளே நம்பவும் செய்தாள். பேபியும்தான் சேவ் பண்ணுவதில்லை, குணசேகரனும்தான் சேவ் பண்ணுவதில்லை, அவர்கள் மேல் ஏன் இந்தப் பாவம் வரவில்லை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. இன்று டிக்கோடு விட்டால் இனி எப்போதைக்கும் விட்டதுதான். அடுத்த தடவையும் இங்கிருந்தே, அதற்கடுத்த தடவையும் இங்கிருந்தே. ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி இடைவெளியில் ஓய்வு பெறுகிற வரைக்கும் இருக்கலாம், ஒரு பொங்கல் விழாவில் ஒரு வணக்கம், ஒரு ஆயுத பூஜையில் ஒரு பொட்டலம் பொரி, அவ்வளவோடு முடிந்துவிடும். அப்புறம் இன்னொருவர் வந்து சரோஜாவில் உட்காருவார், புள்ளி அப்போதும் பச்சையாகத்தான் எரியும். சரோஜாவுக்கு முன்னால் இருந்த டிக்கை எடுத்தாள். எடுத்துவிட்டு, யோசிக்க இடம் கொடுக்காமல், என்டரைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை போல இருந்தது. சத்தமில்லாமல் என்றால் அப்படித்தான். பிறகு ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "ஏறுகிறது" என்று வந்தது, ஒன்று "முடிந்தது" என்றாயிற்று, இன்னொன்று. முதல் மாடி அக்கவுண்ட்ஸ் முழுக்க முடிந்தது. ஒரு காலத்தில் இந்த ஒரு செக்‌ஷனுக்கே அவளுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் ஒரு முறுக்கை எடுத்து நீட்டவில்லை, யாருடைய பிள்ளைக்கும் இந்த வருஷம் என்ன மார்க் என்று தெரியவில்லை. யாரும் இல்லாத நாற்காலிகளுக்கு முன்னால் ஒவ்வொரு ஓரத்திலும் பச்சைக் கேடயம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு மெஷின் அணைந்து திறக்கிறதா என்று அவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அதிர்ந்தது. அம்மா. "சாப்புட்டயா கண்ணு?" என்றாள் அம்மா. "இன்னும் இல்லம்மா, வேலை ஓடீட்டு இருக்குது." "மணி என்னாச்சு, வெறும் வயித்துல ஏ.சி.க்குள்ள உக்காந்துக்கிட்டு. முட்டிக்கு எண்ணெய் போட்டயா?" "போட்டேம்மா." போடவில்லை. "சூலூர் சித்தி கூப்புட்டா. அவ பேத்திக்கு நிச்சயமாம், ஞாயித்துக்கெழமை. நீ வருவயா?" பேத்திக்கு. சித்தியின் மகளுக்கு நிச்சயம் ஆனபோது ரேணுகாதேவிக்கும் ஒரு வரன் வந்திருந்தது, அந்த வருஷம்தான் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார், அவர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வருஷங்கள்தான் ஒவ்வொன்றாக எதையும் கேட்காமல் போய்விட்டன. "பாக்கலாம்மா" என்றாள். "எல்லாத்துக்கும் பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லு" என்றாள் அம்மா, கோபமில்லாமல், களைத்துப்போன குரலில், போனை வைத்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது நஞ்சப்பனுக்கு எதிரில் சிவப்பு. அவளுக்குப் பக்கென்றது, உடனே ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது, ஸ்டோர்ஸுக்குப் போகலாம், பேபியோடு இரண்டு வார்த்தை பேசலாம். பார்த்தால் மெஷினில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். பேபி தன் குழந்தையின் பிறந்தநாள் வீடியோக்களை அதில் கொட்டி வைத்திருக்கிறாள். சர்வரில் ஒரு மூலையில் பேபி பெயரில் இடம் போட்டு வீடியோக்களை இங்கிருந்தே அங்கே நகர்த்தினாள், மறுபடி அனுப்பினாள். சிவப்பு போய்விட்டது. எழுந்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இனி இப்படித்தான் இருக்கும். எல்லோருடைய மேஜைக்குள்ளும் அவள் கை போகும், அவள் போக மாட்டாள். கடைசி மெஷினும் முடிந்தது. ஒன்றுகூட அணைந்து திறக்கவில்லை. ஜி.எம். கேட்டால் சபாஷ் சொல்வார். பட்டியலின் அடியில் ஒன்றே ஒன்று பாக்கி என்று காட்டியது. அந்த ஒன்று சரோஜா, பச்சைப் புள்ளியோடு, எதுவும் ஏறாமல் இருந்தது. கைப்பைக்குள் காலையிலேயே எடுத்து வைத்த பென் டிரைவ் இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆக, டிக்கை எடுக்க வேண்டும் என்று இப்போது தோன்றியதல்ல, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவாகியிருக்கிறது. போய் என்ன சொல்வது? உங்களுக்கு மட்டும் ஏறவில்லை சார். ஏன் ஏறவில்லை என்று கேட்டால்? அவர் கேட்பார், எல்லாவற்றையும் படிக்கிற மனிதர் கேட்காமல் விடுவாரா? கேட்டால் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? இந்த வயதில் ஒரு மெஷினை ஒளித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பாரா, பயப்படுவாரா? பயந்துவிட்டால் அதைத்தான் தாங்க முடியாது. போகாமலே இருந்துவிடலாம், டிக் போட்டு என்டர் தட்டினால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. கை மவுஸுக்குப் போனது, நின்றது. அதற்குள் இரண்டாவது சங்கு ஊதிவிட்டது. செருப்புகள் படியேறின.

கொஞ்ச நேரத்தில் மேஜை மேல் இன்டர்காம் அடித்தது. இரண்டாவது மாடி எண். எடுப்பதற்குள் அது பல தடவை அடித்துவிட்டது. "மேடம், நான் தண்டபாணிங்க. இங்க எல்லாருக்கும் ஓரத்துல பச்சையா ஒரு கேடயம் வந்திருக்குதுங்க. எனக்கு மட்டும் வரலை" என்றார். "ஆமாங்க சார். நீங்க படத்தை சேவ் பண்ணாம வெச்சிருப்பீங்கன்னு உங்களுக்கு இன்னும் ஏத்தலைங்க. பென் டிரைவை எடுத்துட்டு நானே மேல வர்றேன்" என்றாள் அவள், ஒப்பித்து வைத்திருந்த மாதிரி. "ஐயோ வேண்டாங்க மேடம். சேவ் பண்ணீட்டேன். அங்கிருந்தே ஏத்தீருங்க. நீங்க இந்தப் படியெல்லாம் ஏறக் கூடாதுன்னுதானுங்களே நான் ஜி.எம்.கிட்டப் போய்ச் சொன்னதே." அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. ஏ.சி. உறுமியது. "நீங்களா சொன்னீங்க?" என்றாள். "ஆமாங்க. போன தடவை நீங்க வந்தப்ப அந்தச் சம்மதம் கேக்கறதுல கடைசியில போட்டிருந்துதுங்க, ஒரே எடத்துல இருந்து எல்லா மெஷினுக்கும் ஏத்திக்கலாம்னு. நீங்க காலைத் தாங்கித் தாங்கி எறங்கிப் போனதைப் பாத்து எனக்கு மனசே கேக்கலை. உங்களுக்கு இது தெரியாதோ என்னமோ, நேரா சொன்னாத் தப்பா எடுத்துக்குவீங்களோன்னு அவருகிட்டச் சொன்னேன்."

குணசேகரன் மேல் வீணாகப் பழி போட்டோமே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மனசு அப்படித்தான், பெரியது வந்து நிற்கும்போது சின்னதை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கும். அப்புறம்தான் மற்றது வந்தது. அவளுக்காகத்தான் செய்திருக்கிறார். அவளுடைய முட்டியை நினைத்து, அவளுக்காகப் படித்து, அவளுக்காக ஜி.எம். அறை வரைக்கும் போய், அவள் இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்து வந்த ஒரு வழியைத் தன் கையாலேயே அடைத்திருக்கிறார். திட்டுவதா, அழுவதா? கண்ணில் நீர் வந்துவிட்டது, அது சந்தோஷத்திலா என்றும் சொல்லத் தெரியவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு டிக்கைப் போட்டுவிடலாம். நன்றி சொல்லலாம். அப்படிச் சொல்லித்தான் அவள் இத்தனை காலத்தையும் ஓட்டியிருக்கிறாள், எல்லோருக்கும் சரிங்க, எல்லாவற்றுக்கும் பார்க்கலாம். "மேடம், இருக்கீங்களா?" என்றார் அவர். "இருக்கேங்க" என்றாள். "எனக்கு அது முன்னாடியே தெரியுங்க. ரொம்ப வருஷமாவே தெரியும்." "தெரிஞ்சுமா இந்த முட்டியோட…" என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். அந்த இடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் யாரோ இருமுவதும் போனில் கேட்டன. "ஆமாங்க" என்றாள் அவள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். "எனக்கு அங்க வரணும்னு இருந்துச்சுங்க. அதனாலதான் யாருகிட்டயும் சொல்லலை. இன்னிக்கும் உங்களுதை மட்டும் வேணும்னேதான் விட்டேன்."

ரேணுகாதேவி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லியாயிற்று, இனி அழிக்க முடியாது. அவர் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள், குனிந்து, ஒரு வரி விடாமல், அவசரப்படுத்தக் கூடாது, அவருக்கு எப்போதும் நேரம் ஆகும். "மேடம்" என்றார் கடைசியில், மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி. "நீங்க ஏற வேண்டாங்க. நான் எறங்கி வர்றேன்." "உங்க மெஷின் மேலதானுங்களே இருக்குது?" என்றாள் அவள், வேறொன்றும் சொல்ல வராமல். "அது கெடக்கட்டுங்க" என்றார். "இதை அணைச்சுட்டு வர்றேன்." போனை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் திரையைப் பார்த்தாள். சாயங்காலச் சங்குக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது, எல்லாப் பெயர்களும் பச்சையாக நின்றன, அவற்றின் நடுவில் சரோஜா மட்டும் சாம்பலானாள். மாடிப்படியில் ஒரு ஜோடிச் செருப்பு இறங்கி வந்தது. சர்வர் ரூமில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. ரேணுகாதேவி ஸ்வெட்டரைச் சரி செய்துகொண்டு அதிலிருந்து எழுந்து நின்றாள்.